புதிதாக வந்த இகுவானா: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

வளர்க்க முடியாமல் கைவிடப்படும் இகுவானாக்களைப் பெற்றுத் தேற்றுவது சில ஆண்டுகளாக என் வேலையாகிவிட்டது. புதிதாகத் தத்தெடுத்தவர்களும் என்னைத்தான் அழைக்கிறார்கள். "மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை", "கை நீட்டினால் வாலால் அடிக்கிறது", "கறுத்துப்போய்க் கிடக்கிறது" என்று அவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கூண்டைச் சரிசெய்ததும் இவற்றில் பெரும்பாலானவை தீர்ந்துவிடுகின்றன. அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் கூண்டைப் பார்க்கிறேன், பிறகு உணவை, அதற்கும் பிறகுதான் விலங்கை.

நான் சொல்வது பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி வகையைப் பற்றி. மத்திய, தென் அமெரிக்காவின் ஆற்றோர மரங்களில் வாழும் முழு இலையுண்ணி அது. ஒரு சாண் நீளத்தில் விற்கப்படும் குட்டி வால் உட்பட ஐந்தடிக்கு வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பக்கத்து வீட்டுக்காரர் இதை உடும்பு என்று நினைத்துப் பதறக்கூடும். உடும்பு வளர்ப்பது குற்றம் என்பதால் அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. இகுவானாவுக்கும் சட்டம் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் வந்த நான்காம் அட்டவணையில் இது இருக்கிறது. 2024-இல் வெளியான விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கொடுப்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சான்று இல்லை என்றால் விலங்கைப் பெறும் முன்பே வனத்துறையிடம் விசாரியுங்கள்.

## எதற்கும் முன்பு: அளந்து பாருங்கள்

இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகள், ஓர் ஈரப்பதமானி, ஒரு சமையலறைத் தராசு. இவை இல்லாமல் கீழே உள்ள எதையும் சோதிக்க முடியாது. கையை வைத்துப் பார்த்து "சூடாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

வெப்ப பல்புக்குக் கீழே, இகுவானா படுக்கும் கிளையின் மேற்பரப்பில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் குளிர்ந்த பக்கத்தில் 27 முதல் 29. இரவில் 23-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். வாரம் ஒருமுறை, அதே கிழமையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இகுவானா உடல்நலக் குறைவை நாட்கணக்கில் மறைக்கும், எடையை மறைக்க அதனால் முடியாது.

யுவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புறஊதாக் கதிர்) விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பாதி வீடுகளில் பிழை இங்கேதான். கூண்டில் வெளிச்சம் இருந்தால் போதும் என்று நினைத்துச் சாதாரண எல்இடி பல்பை மாட்டியிருப்பார்கள். அல்லது "ஜன்னல் ஓரத்தில்தான் வைத்திருக்கிறோம், நன்றாக வெயில் வருகிறது" என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். எலும்புக்குத் தேவையான சத்து அந்த வெயிலில் இல்லை. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் நீளக் குழல் விளக்கு வேண்டும். அது கிளையிலிருந்து ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில், இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டுக்குள் அதன் யுவிபி குறைந்துவிடும். மாட்டிய தேதியை விளக்கின் சட்டத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். கைமாறி வந்த விளக்குக்குத் தேதி தெரியவில்லையா? புதிது வாங்குங்கள்.

## அறிகுறி: சாப்பிடவில்லை

### வந்து ஒரு வாரத்துக்குள்

வளர்ந்த இகுவானா, சுறுசுறுப்பாக இருந்து எடையும் குறையாமல் இருந்தால், பொறுத்திருங்கள். இடம் மாறிய பயத்தில் சில நாட்கள் உண்ணாமல் இருப்பது வழக்கம். கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மறைத்து, இலைக்கொத்துகளைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். யாரும் பார்க்காதபோது உண்ணத் தொடங்கும். குட்டிக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. மூன்று நாள் உண்ணாத குட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

### அறையில் ஏசி ஓடுகிறதா?

சென்னையில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் இகுவானா பெரும்பாலும் ஏசி அறையில்தான் வைக்கப்படுகிறது. அறை 22 டிகிரியில் இருந்தால் வயிற்றில் போன இலை செரிக்காமல் தங்கிவிடும். செரிக்காத வயிற்றோடு அது அடுத்த வாய் எடுக்காது. கூண்டை ஏசி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். செலவில்லாத இந்த மாற்றமே பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

### தட்டில் என்ன வைக்கிறீர்கள்?

முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, அகத்திக்கீரை. இவை அன்றாட அடிப்படை. பூசணி, பீன்ஸ், கோவைக்காய், புடலங்காய் ஆகியவற்றைத் துருவிச் சேர்க்கலாம். பப்பாளி எப்போதாவது ஒரு துண்டு. பாலக், தண்டுக்கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அவை தினமும் வேண்டாம். முட்டை, இறைச்சி, புழு, நாய் பிஸ்கட், பால்சோறு எதுவும் கூடாது. விரும்பி உண்கிறதே என்று கொடுத்தால் நாளடைவில் சிறுநீரகம் கெடும். அரளியும் அவகாடோவும் நஞ்சு. பூக்கடைச் செம்பருத்தியில் பூச்சிமருந்து இருக்கக்கூடும், வீட்டுச் செடியில் பறித்ததையே கொடுங்கள்.

முன்பு வளர்த்தவர் கோஸும் வெள்ளரியும் மட்டும் கொடுத்துப் பழக்கியிருந்தால், முருங்கையை அது முகர்ந்துகூடப் பார்க்காது. பழைய உணவை உடனே நிறுத்தாதீர்கள். பொடியாக நறுக்கிய கீரையை அதனோடு கலந்து, வாரா வாரம் அளவைக் கூட்டுங்கள். சிவப்புச் செம்பருத்தி இதழைக் கிழித்து மேலே தூவினால் பெரும்பாலான இகுவானாக்கள் இறங்கிவரும்.

### பெண்ணாக இருந்து, மண்ணைத் தோண்டுவதுபோல் தரையைப் பிறாண்டுகிறதா?

ஆண் துணை இல்லாமலேயே பெண் இகுவானா முட்டையிடும். சில வாரங்களுக்கு முன்பிருந்தே உணவைக் குறைக்கும், வயிறு கட்டிகட்டியாகத் தெரியும், ஆனால் துடிப்பாகத்தான் இருக்கும். ஈரமான மணலும் மண்ணும் கலந்த, அது உள்ளே புகுந்து மறையும் அளவுள்ள ஒரு பெட்டியை வைத்தால் பெரும்பாலும் தானாக இட்டுவிடும். துடிப்பு போய்ச் சோர்ந்து படுத்தால், அல்லது முக்கியும் முட்டை வரவில்லை என்றால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். செலவு கூடுதல்தான், ஆனால் காத்திருந்தால் உயிர் போகும்.

### வாய்க்குள் பாருங்கள்

ஈறு சிவந்து, மஞ்சள் நிறத்தில் தயிர்போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது வாய்ப்புண். வீட்டு மருத்துவம் இதற்கு உதவாது, மருத்துவர்தான் சுத்தம் செய்து மருந்து தர வேண்டும்.

## அறிகுறி: கறுத்துப்போய்க் கிடக்கிறது

காலையில் கறுப்பாக இருந்து, பல்பின் கீழ் ஒரு மணி நேரம் படுத்தபின் பச்சை திரும்பினால் கவலை இல்லை. வெப்பத்தை இழுத்துக்கொள்ளவே அது கறுக்கிறது. நாள் முழுவதும் கறுப்பாகவே இருந்தால் முதலில் கிளையின் வெப்பத்தை அளங்கள். வெப்பம் சரியாக இருந்தால், எதற்காவது பயப்படுகிறதா என்று பாருங்கள். எதிரே நாயோ பூனையோ இருக்கலாம், கூண்டு தரையோடு தரையாக இருக்கலாம். மரவாசியைத் தரையில் வைத்தால் அது நிம்மதியாக இருக்காது. படுக்கும் கிளை நம் கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இரண்டையும் சரிசெய்து ஒரு வாரமாகியும் நிறம் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆரஞ்சு நிறம் வேறு. வளர்ந்த ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தோளும் கால்களும் ஆரஞ்சாக மாறும். அது நோயில்லை, எச்சரிக்கை. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## அறிகுறி: வாலால் அடிக்கிறது, கடிக்க வருகிறது

இகுவானாவின் உச்சந்தலையில், நெற்றிக்குச் சற்றுப் பின்னால், வெளிர்நிறத்தில் ஒரு சிறு செதில் தெரியும். பார்ப்பதற்கு ஒரு முத்துப்போல் இருக்கும். அதுதான் இகுவானாவின் மூன்றாவது கண். உருவம் தெரியாது, ஆனால் ஒளியும் நிழலும் அதற்குத் தெரியும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து வந்துவிட்டது என்றுதான் அந்த உடல் புரிந்துகொள்கிறது. நாம் கூண்டின் மேற்கதவைத் திறந்து, மேலிருந்து கையை இறக்குகிறோம். வாலடி விழுகிறது. "முரட்டு இகுவானா" என்று என்னிடம் வந்தவற்றில் பல, கையைப் பக்கவாட்டில், அதன் மார்பு மட்டத்துக்குக் கீழிருந்து நீட்டத் தொடங்கியதும் அடங்கிப்போயின. கூண்டுக் கதவு மேலே இருந்தால் முன்பக்கமாக மாற்றுங்கள்.

### முதல் இரண்டு வாரம்

தொடாதீர்கள். உணவு வைக்கவும் சுத்தம் செய்யவும் மட்டும் கை உள்ளே போகட்டும். மற்ற நேரத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள். குரலும் உருவமும் பழக வேண்டும்.

### மூன்றாம் வாரத்திலிருந்து

செம்பருத்திப் பூவைக் காம்போடு நீட்டி, கையிலிருந்து உண்ணப் பழக்குங்கள். அது உங்களைப் பார்த்தபடியே இதழைக் கிழித்து விழுங்கினால் ஒரு படி தாண்டிவிட்டீர்கள். பிறகு முன்கையை வயிற்றின் அடியில் நுழைத்துத் தூக்குங்கள். நான்கு கால்களுக்கும் பிடிமானம் இருக்க வேண்டும், காற்றில் தொங்கும் கால்தான் அதைத் திமிற வைக்கிறது. முதலில் ஐந்து நிமிடம் போதும். திமிறும் நேரத்தில் இறக்கிவிட்டால், திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். அடங்கிய ஒரு கணத்துக்காகக் காத்திருந்து இறக்குங்கள்.

தடவும்போது உங்கள் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடுகிறதா? சுகமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். புதிய விலங்கு அப்படிச் செய்தால் பெரும்பாலும் "நீ போய்விடு" என்றே பொருள். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். பல்லிக்குப் போலவே இதற்கும் வால் கழன்றுவிடும். மறுபடி வளரும் வால் கட்டையாக, கறுப்பாக, பட்டைகள் இல்லாமல் இருக்கும். கழன்றுவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றபின் தரையில் செய்தித்தாள் மட்டும் விரித்து வையுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் கசிந்தாலோ மருத்துவரை அழையுங்கள்.

### அடிப்பதற்கு முன் அது சொல்கிறது

உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கும். தொண்டை மடலை விரிக்கும். தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டும். வாலின் நுனி மட்டும் பாம்புபோல நெளியும். இந்த நான்கில் இரண்டு தெரிந்தால் கையைப் பின்வாங்குங்கள். ஆரஞ்சு நிற ஆண் என்றால் அந்தப் பருவம் முடியும்வரை தூக்கவே வேண்டாம், கூண்டருகே உள்ள கண்ணாடியையும் அகற்றுங்கள். தன் பிம்பத்தைப் போட்டி ஆண் என்று நினைத்துச் சினம் ஏறிக்கொண்டே போகும்.

### கடித்துவிட்டால்

கையை இழுக்காதீர்கள். பற்கள் ரம்பம் போன்றவை, இழுத்தால் தசை கிழியும். ஒரு துணியால் அதன் கண்களை மூடினால் பெரும்பாலும் விட்டுவிடும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு மனிதர்களுக்கான மருத்துவரிடம் செல்லுங்கள். காயம் ஆழமாக இருந்தாலும், முகத்திலோ விரல் மூட்டிலோ இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

## அறிகுறி: விரல் துடிக்கிறது, தாடை வீங்கியிருக்கிறது, தொடை பருத்திருக்கிறது

இதை மட்டும் எளியதிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். முதல் நாளே மருத்துவரிடம் போங்கள், கூண்டுத் திருத்தத்தை அதே நாளில் பக்கத்திலேயே செய்யுங்கள்.

ஒருமுறை மீன்தொட்டியில் வளர்ந்த ஒரு வயதுக் குட்டியைக் கொண்டுவந்தார்கள். "தொடை நன்றாகச் சதைப்பிடிப்பாக இருக்கிறது" என்று அந்த வீட்டுப் பையன் பெருமையாகக் காட்டினான். தொட்டுப் பார்த்தேன், கல்லைப்போல் இருந்தது. அது சதை இல்லை. சுண்ணாம்புச் சத்து இழந்த எலும்பைச் சுற்றி உடல் கட்டிய நார். அமைதியாகக் கிடந்த அதன் பின்காலின் நடுவிரல், நூலால் யாரோ சுண்டுவதுபோல் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தாடையை மெல்லத் தொட்டபோது ரப்பர்போல் வளைந்தது. தொட்டியின் மேல் மின்னியது எல்இடி பட்டை. தினமும் கோஸும் வெள்ளரியும்தான் உணவு. பையன் அதை உயிராக நேசித்தான், அவனிடம் யாரும் யுவிபி என்ற சொல்லைச் சொல்லியிருக்கவில்லை. மாதக்கணக்கான சிகிச்சையில் அது பிழைத்தது, தாடை மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது.

மருத்துவரிடம் போகும்வரை உயரமான கிளைகளை அகற்றுங்கள், விழுந்தால் எலும்பு முறியும். விலா எலும்பை அழுத்தித் தூக்காதீர்கள், துணி விரித்த தட்டில் வைத்து எடுங்கள். நாமாகக் கால்சியம் சிரப்பை வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நோய் வராமல் தடுக்க, குட்டிகளின் கீரையில் பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியை வாரத்தில் சில நாட்கள் தூவலாம். வந்தபின் பொடி மட்டும் காப்பாற்றாது.

நல்ல நாளில் வெயில் காட்டுங்கள், காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். கம்பிவலைக் கூண்டில், பாதியில் நிழலோடு, நீங்கள் பக்கத்திலேயே இருந்து. மொட்டைமாடியில் காகமும் பருந்தும் உண்டு. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே வெந்துவிடும்.

## அறிகுறி: வாயைத் திறந்துகொண்டே இருக்கிறது, தும்முகிறது

தும்மலோடு கண்ணாடியில் வெள்ளைப் பொடி படிந்தால் அது உப்பு. மிகுந்த உப்பை இகுவானா மூக்கு வழியாகத்தான் வெளியேற்றும், துடைத்துவிட்டுப் போங்கள்.

பல்பின் கீழ் மட்டும் வாயைத் திறந்தால் அங்கே சூடு அதிகம். 40-ஐத் தாண்டியிருக்கும், பல்பை உயர்த்துங்கள். குளிர்ந்த பக்கத்திலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கில் சளியோ குமிழோ தெரிந்தால், நுரையீரல் தொற்று. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, கிளம்புங்கள். கொசுவர்த்தியும் கரப்பான் மருந்தும் அந்த அறையில் வேண்டாம்.

## அறிகுறி: மலம் கழிக்கவில்லை

மூன்று நான்கு நாட்களானால் முதலில் வெப்பத்தை அளங்கள். பிறகு நம் கைக்கு இதமாக இருக்கும் நீரில், தோள் மட்டத்துக்கு மேல் போகாமல், கால் மணி நேரம் நிற்க விடுங்கள். பெரும்பாலும் அங்கேயே கழித்துவிடும். தரையில் மணல், கூழாங்கல், மரத்தூள் ஏதாவது இருந்தால் அதை விழுங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் அள்ளிவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். ஒரு வாரம் தாண்டினால், வயிறு உப்பினால், அல்லது முக்கிக்கொண்டே இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆசனவாயிலிருந்து சிவந்த தசை வெளியே வந்திருந்தால் ஈரத்துணியால் மூடி உடனே ஓடுங்கள், அது காய்ந்துவிடக் கூடாது.

## அறிகுறி: விரலில் வளையம், கறுத்த வால்நுனி

பாம்பு ஒரே சட்டையாக உரிக்கும், இகுவானா துண்டு துண்டாக உரிக்கும். விரலிலும் முதுகு முள்ளிலும் உரியாமல் தங்கும் தோல் காய்ந்து இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஈரப்பதத்தைக் கூட்டி, தினமும் இருமுறை நீர் தெளித்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஈரத்துணியால் தேயுங்கள். வராததைப் பிய்க்காதீர்கள். வால்நுனி கறுத்துக் காய்ந்து, அந்தக் கறுப்பு மேல்நோக்கி ஏறினால் அது அழுகல். கறுப்பு எங்கே முடிகிறது என்று தினமும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். சிறிது ஏறினாலும் மருத்துவர் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி: வயிற்றில் காயம், மூக்கு தேய்ந்திருக்கிறது

வயிற்றுக் காயம் என்றால் "ஹீட் ராக்" எனப்படும் மின்கல்லைத் தேடுங்கள். அடியிலிருந்து வரும் சூட்டை இகுவானாவால் சரியாக உணர முடியாது, வெந்துகொண்டே படுத்திருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள். முதுகில் காயம் என்றால் பல்புக்குக் கம்பிக்கூடு போடுங்கள். கொப்புளம் வந்த காயத்துக்கு மருத்துவர் வேண்டும்.

மூக்கு தேய்ந்திருந்தால் கூண்டு சிறியது. வளர்ந்ததற்கு ஆறடி உயரமும் ஆறடி அகலமும் மூன்றடி ஆழமும் வேண்டும். அதுவரை கீழ்ப்பாதிக் கண்ணாடியில் காகிதம் ஒட்டினால் முட்டுவது குறையும்.

## வீட்டில் உள்ளவர்களுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல்

இகுவானாவின் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம், விலங்கு நலமாகவே தெரியும். தொட்ட பிறகு சோப்பு. அதன் தட்டும் தொட்டியும் சமையலறைத் தொட்டியில் கழுவப்படக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் தொடாமலிருப்பது நல்லது. யாருக்காவது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் மருத்துவரிடம் வீட்டில் இகுவானா இருப்பதைச் சொல்லுங்கள்.

## மருத்துவரிடம் கொண்டுபோகும்போது

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. தேவை வரும் முன்பே தொலைபேசியில் விசாரித்துவையுங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். பழைய பருத்தித் தலையணை உறையில் இகுவானாவை விட்டு, உறையின் வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். இருட்டில் அது அடங்கிக் கிடக்கும். காரில் ஏசியை அணையுங்கள். எடை எழுதிய நோட்டு, கூண்டின் படம், விளக்கு மாட்டிய தேதி, சிறு டப்பாவில் அன்றைய எச்சம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்.